முனையில் இருக்கிறது தூரம்

ஒளியிழையின் முனையில் செருகப்படும் ஒளி டிரான்ஸீவர், மின் துடிப்பை ஒளியாக மாற்றி அனுப்புகிறது. எதிர்முனையிலிருந்து வரும் ஒளியை மீண்டும் மின் துடிப்பாக்கித் தருகிறது. அனுப்பும் பகுதி, வாங்கும் பகுதி இரண்டும் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருக்கின்றன. பரவலாகப் புழங்கும் எஸ்.எஃப்.பி. வகை மாட்யூல் சுண்டுவிரல் அளவுதான்: நீளம் சுமார் 56 மில்லிமீட்டர், அகலம் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஸ்விட்ச் அல்லது ரவுட்டரின் துளையில் இதைச் செருகலாம். தேவை மாறினால் பெட்டியை அணைக்காமலே உருவி எடுத்து வேறொன்றைப் பொருத்தலாம்.

ஒரு செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தச் சிறு கருவிதான். மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழை இருபது, முப்பது ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது. அதே இழை முதலில் வினாடிக்கு 2.5 கிகாபிட்டும், பிறகு 10 கிகாபிட்டும், இன்று 400 கிகாபிட்டும் சுமக்கிறது. கண்ணாடி மாறவில்லை; முனைகள் மாறின. தொலைதூர ஒளியிழைத் தொடர்பின் வரலாறு பெரும்பகுதியும் முனைகளின் வரலாறே.

இந்த வளர்ச்சியைத் தூரத்தோடு பொருத்திப் பார்க்க, கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஜான்-டலோன் சந்தையைப் பூச்சியம் கிலோமீட்டராக வைத்துக்கொள்ளலாம். 'குட்டி இத்தாலி' எனப்படும் பகுதியில் 1933இல் திறக்கப்பட்ட காய்கறிச் சந்தை இது. இங்கிருந்து நகரின் மையம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சாம்ப்ளி என்ற சிற்றூர் 40 கிலோமீட்டருக்குள், சென்-யசான்த் நகரம் 80 கிலோமீட்டருக்குள். ஒட்டாவா சுமார் 200 கிலோமீட்டர், டொரான்டோ சுமார் 540 கிலோமீட்டர். இந்த ஒவ்வொரு தூரத்துக்கும் வேறுவேறு மாட்யூல் வேண்டும்.

மாட்யூலின் உள்ளே

அனுப்பும் பகுதியின் உயிர் ஒரு குறைகடத்தி லேசர். அரிசிமணியைவிடச் சிறிய அந்தச் சில்லு, மின்னோட்டம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. கட்டடத்துக்குள் சில நூறு மீட்டர் போதும் என்றால் 850 நானோமீட்டர் அலைநீளமும் அகன்ற உள்ளகம் கொண்ட இழையும் பயன்படுகின்றன. கிலோமீட்டர் கணக்கில் போகவேண்டுமானால் 1310 அல்லது 1550 நானோமீட்டர் ஒளியும், 9 மைக்ரோமீட்டர் உள்ளகம் கொண்ட ஒற்றைமுறை இழையும் தேவை.

குறைந்த தூரத்து மாட்யூல்களில் லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தையே ஏற்றி இறக்கி 1, 0 ஆகியவற்றை எழுதுகிறார்கள். இப்படிச் செய்யும்போது லேசரின் அலைநீளமும் சற்று ஆடிப்போகிறது. தூரம் கூடக்கூட அந்த ஆட்டம் பெரிய தொல்லையாகும். அதனால் 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாட்யூல்களில் லேசர் இடைவிடாமல் எரிகிறது. அதன் முன்னால் உள்ள பண்பேற்றி, கதவைப்போல் திறந்து மூடி ஒளியைத் துண்டாக்குகிறது.

வாங்கும் பகுதியில் போட்டோடையோடு இருக்கிறது. அதன்மேல் விழும் ஒளி சிறு மின்னோட்டமாகிறது. தொலைதூர மாட்யூலில் பனிச்சரிவு போட்டோடையோடு என்னும் வகையைப் பயன்படுத்துகிறார்கள். ஒளியால் விடுபட்ட ஓர் எலக்ட்ரான் மற்ற எலக்ட்ரான்களை மோதி விடுவிக்க, அவை மேலும் சிலவற்றை விடுவிக்க, குறிப்பு உள்ளுக்குள்ளேயே பெருகிவிடுகிறது.

இவற்றோடு ஒரு சிறு நினைவகமும் உண்டு. மாட்யூலின் வகை, அலைநீளம், வரிசை எண் ஆகியவை அதில் பதிந்திருக்கும். வெப்பநிலை, மின்னழுத்தம், லேசருக்குப் போகும் மின்னோட்டம், அனுப்பும் ஒளித்திறன், வாங்கும் ஒளித்திறன் என்ற ஐந்து அளவுகளை மாட்யூல் தானே அளந்து சொல்லிக்கொண்டிருக்கும். பல நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்ட அளவுகளின்படி இவை செய்யப்படுவதால், ஒரே துளையில் பல வகை மாட்யூல்களைச் செருக முடிகிறது.

ஒளியின் வரவு செலவு

தூரத்தை முதலில் கட்டுப்படுத்துவது ஒளியின் தேய்மானம். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல், 1550 நானோமீட்டரில் சுமார் 0.2 டெசிபெல் இழப்பாகிறது. 3 டெசிபெல் என்றால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு, 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு. 1550இல் ஒளி பாதியாக 15 கிலோமீட்டர் ஆகும். 1966இல் சார்லஸ் காவ், இழையில் ஒளி தேய்வது முக்கியமாகக் கண்ணாடியில் உள்ள அசுத்தத்தால்தான் என்று காட்டினார். 1970இல் கார்னிங் நிறுவனம் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்கும் குறைந்த இழப்புள்ள இழையை உருவாக்கியது. அன்று ஒரு கிலோமீட்டரில் தேய்ந்த ஒளி இன்று 100 கிலோமீட்டரில்தான் தேய்கிறது. காவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்துக்கு வரவு செலவு போடுவதுபோன்றது. அனுப்பும் திறன் வரவு. இழை, இணைப்பி, ஒட்டு ஆகியவற்றின் இழப்பு செலவு. போகக் கையில் மிஞ்சுவது வாங்கிக்குப் போதுமா என்று பார்க்கவேண்டும்.

சந்தையிலிருந்து நகர மையத்துக்கு 10 கிகாபிட் எல்.ஆர். வகை போதும். 1310 நானோமீட்டரில் வேலை செய்யும் இந்த வகைக்குக் குறைந்தபட்ச வரவு செலவு இடைவெளி சுமார் 6 டெசிபெல். அது 10 கிலோமீட்டர் இழைக்கும் இருமுனை இணைப்பிகளுக்கும் சரியாகிவிடும். சாம்ப்ளிக்கு 1550இல் இயங்கும் 40 கிலோமீட்டர் ஈ.ஆர். வகை வேண்டும்.

சென்-யசான்த் போகவேண்டுமானால் இசட்.ஆர். எனப்படும் 80 கிலோமீட்டர் வகையை எடுக்கவேண்டும். இது குறைந்தது 1 மில்லிவாட் ஒளியை அனுப்பும், அதில் 0.004 மில்லிவாட் வந்து சேர்ந்தாலும் வாங்கி படித்துவிடும். அதாவது 24 டெசிபெல் வரவு. இழைப் பாதை 65 கிலோமீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 0.22 வீதம் 14.3 டெசிபெல் செலவு. இழைத் துண்டுகளைச் சேர்த்த 15 ஒட்டுகளுக்கு 1.5, நான்கு இணைப்பிகளுக்கு 2, துடிப்பு விரிவதால் வரும் நட்டத்துக்கு 2.5. மொத்தம் 20.3. மிச்சம் 3.7 டெசிபெல். லேசர் முதுமையடையும், சாலை தோண்டும்போது அறுந்த இழையை மீண்டும் ஒட்டவேண்டிவரும். இவற்றுக்காக 3 டெசிபெல்லாவது கையிருப்பு வைப்பது நல்ல வழக்கம். இந்தக் கணக்கு தேறுகிறது.

அதே மாட்யூலைப் பக்கத்து அறையோடு இணைத்தால் வேறு ஆபத்து. இசட்.ஆர். வாங்கி சுமார் 0.2 மில்லிவாட் வரைதான் தாங்கும்; அனுப்பியோ 2.5 மில்லிவாட் வரை தரக்கூடும். இடையில் ஒளியைக் குறைக்கும் மட்டுப்படுத்தியைப் பொருத்தாவிட்டால் போட்டோடையோடு கெட்டுப்போகும். தொலைவுக்கென்று செய்த மாட்யூல் அருகில் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது தவறு.

துடிப்பு விரியும் சிக்கல்

ஒளி போதுமான அளவு வந்து சேர்ந்தாலும் செய்தி வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. முப்பட்டகத்தில் வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிவதற்குக் காரணமான நிறப்பிரிகை இழைக்குள்ளும் நடக்கிறது. லேசர் ஒளி ஒற்றை நிறமாகத் தோன்றினாலும், துண்டு துண்டாக வெட்டப்படும்போது அதில் மிக நெருக்கமான பல அலைநீளங்கள் கலந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் கண்ணாடியில் சற்றே வேறு வேகத்தில் போகிறது. புறப்படும்போது கூர்மையாக இருந்த துடிப்பு, போகப்போகப் பரந்து அடுத்த துடிப்பின்மேல் சாய்கிறது. ஈரத் தாளில் எழுதிய மை பரவி எழுத்துகள் ஒன்றோடொன்று கலப்பதுபோல 1, 0 என்ற வேறுபாடு அழிகிறது.

சாதாரண ஒற்றைமுறை இழையில் நிறப்பிரிகை 1310 நானோமீட்டர் அருகே ஏறக்குறையப் பூச்சியம். 1550இல் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு நானோமீட்டர் அகல ஒளிக்கு, சுமார் 17 பிக்கோவினாடி. இழப்பு குறைந்த இடத்தில் விரிவு அதிகம். விரிவு குறைந்த இடத்தில் இழப்பு அதிகம். பொறியாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த இழுபறி இது.

வேகம் கூடினால் நிலைமை இரண்டு வகையில் மோசமாகிறது. வேகத்தை இரட்டித்தால் ஒவ்வொரு துடிப்பின் நேரமும் பாதியாகிறது. அதே சமயம் துடிப்பில் கலக்கும் அலைநீளங்களின் அகலம் இரட்டிக்கிறது. ஆகவே தாங்கும் தூரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 10 கிகாபிட்டில் 80 கிலோமீட்டர் போகும் முறையை அப்படியே 40 கிகாபிட்டுக்கு உயர்த்தினால் தூரம் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோமீட்டர். சந்தையிலிருந்து நகர மையம் வரைகூட அது தேறாது.

இதற்கு முதலில் கண்ட தீர்வு எதிர்மருந்து போன்றது. எதிர்த்திசையில் நிறப்பிரிகை செய்யும் தனி இழையைச் சுருளாகச் சுற்றி நிலையங்களில் வைத்தார்கள். 80 கிலோமீட்டர் இழையின் விரிவைச் சரிசெய்ய அந்தச் சுருளில் சுமார் 14 கிலோமீட்டர் இழை தேவைப்பட்டது. அதனால் ஒளியிழப்பும் தாமதமும் செலவும் கூடின.

ஒரே இழையில் பல அலைநீளங்கள்

ஒட்டாவாவுக்கோ டொரான்டோவுக்கோ ஒவ்வொரு இணைப்புக்கும் தனி இழை இழுப்பது கட்டுபடியாகாது. அதனால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஓர் அலைநீளம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே இழையில் ஏற்றி, மறுமுனையில் வடிகட்டிப் பிரிக்கிறார்கள். 1550 நானோமீட்டரைச் சுற்றிய பட்டையில், அடுத்தடுத்த தடங்களுக்கு 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால், சுமார் 96 தடங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 100 கிகாபிட் ஏற்றினால் ஓர் இழையில் வினாடிக்கு 9.6 டெராபிட்.

இந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் எர்பியம் என்னும் தனிமம். 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் எம்மானுவேல் டெசர்வீரும் எர்பியம் கலந்த இழையைப் பெருக்கியாக்கிக் காட்டினர். அதற்கு முன்பு வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் ஒளியை மின்சாரமாக்கி மறுபடி ஒளியாக்கினார்கள். எர்பியம் பெருக்கி எல்லாத் தடங்களையும் ஒளியாகவே ஒரே நேரத்தில் பெருக்கித் தருகிறது. டொரான்டோ வரையான 540 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் துண்டுகளாக்கினால் இடையில் ஆறு பெருக்கிகள் போதும். ஒளி கண்ணாடியில் வினாடிக்குச் சுமார் 2,04,000 கிலோமீட்டர் போகும். டொரான்டோவை 3 மில்லிவினாடிக்குள் தொட்டுவிடும்.

மற்றொரு பெருக்கும் முறைக்குத் தமிழ் மண்ணில் பிறந்தவரின் பெயர் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல், ராமன் பெருக்கியின் அடிப்படை. 1450 நானோமீட்டர் அருகே வலிய ஒளியை இழைக்குள் செலுத்தினால், சாதாரண இழையே 1550 நானோமீட்டர் குறிப்பைப் பெருக்கித் தருகிறது. நீண்ட துண்டுகளில் இது எர்பியம் பெருக்கிக்குத் துணையாகிறது.

தடங்கள் இவ்வளவு நெருங்கி இருப்பதால் லேசர் தன் அலைநீளத்திலிருந்து நழுவக்கூடாது. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் நகரும். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது 0.4 நானோமீட்டர். நான்கு டிகிரி மாற்றமே பக்கத்துத் தடத்துக்குள் தள்ளிவிடும். மான்ட்ரியலிலோ குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 டிகிரி வரை இறங்கும். கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். ஜான்-டலோன் சந்தை குளிர்காலத்தில் சுவர் அடைத்து உள்ளே வியாபாரம் நடத்துகிறது. மாட்யூலும் அவ்வாறே செய்கிறது. லேசருக்கு அடியில் உள்ள சிறு மின்வெப்பத் தகடு, வெளியே குளிரானால் சூடேற்றியும் வெப்பமானால் குளிர்வித்தும் லேசரை ஒரே நிலையில் வைத்திருக்கிறது. சாதாரண மாட்யூல் 0 முதல் 70 டிகிரி வரைதான் உறுதியளிக்கும். சாலையோரப் பெட்டிகளில் வைக்க, பூச்சியத்துக்குக் கீழ் 40 முதல் மேல் 85 டிகிரி வரை தாங்கும் வகை தேவை.

கணக்குப் போடும் வாங்கி

நிறப்பிரிகையின் இழுபறிக்கு நிலையான விடை மான்ட்ரியலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒட்டாவாவில் உருவானது. அதன் வேர் மான்ட்ரியலில் இருக்கிறது. 1895இல் இந்நகரில் தொலைபேசிக் கருவிகள் செய்யத் தொடங்கிய நார்தர்ன் எலக்ட்ரிக் நிறுவனம்தான் பிற்காலத்தில் நார்ட்டெல் ஆனது. புவான்த்-சென்-ஷார்ல் பகுதியில் அதன் பழைய தொழிற்சாலைக் கட்டடம் 'நோர்டெலெக்' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. நார்ட்டெல்லின் ஒட்டாவா ஆய்வகத்தில் கிம் ராபர்ட்ஸும் உடன் பணியாற்றிய பொறியாளர்களும் உருவாக்கிய, வினாடிக்கு 40 கிகாபிட் சுமக்கும் கருவி 2008இல் விற்பனைக்கு வந்தது.

பழைய வாங்கி ஒளி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தது. புதிய வாங்கி ஒளி அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்தே படித்தது. இதற்காக வாங்கும் மாட்யூலுக்குள்ளேயே ஒரு லேசர் எரிகிறது. பாடகரின் குரல் சுருதியில் நிற்கிறதா, எவ்வளவு விலகுகிறது என்பதைச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதுபோல வந்த ஒளியை உள்ளூர் லேசரோடு கலந்து, அலை எவ்வளவு முன்பின்னாக நிற்கிறது என்பதை அறிகிறார்கள். ஒளி அலை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் அதிரக்கூடியது. ஒவ்வொரு தளத்திலும் தனிச் செய்தி ஏற்றலாம். தளத்துக்கு 2 பிட் வீதம் ஒரு துடிப்பில் 4 பிட் சென்றது. அதனால் துடிப்புகளின் வேகத்தைக் கூட்டாமலே 40 கிகாபிட் கிடைத்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் அலை முழுவதும் எண்களாகக் கைக்கு வந்ததுதான். நிறப்பிரிகை சீரான விதிப்படி நடக்கும் விரிவு. அலையின் முழு வடிவமும் தெரிந்தால் அதைக் கணக்குப் போட்டுத் திரும்பச் சுருக்கிவிடலாம். நார்ட்டெல்லின் சில்லு வினாடிக்குச் சுமார் 12 லட்சம் கோடி கணக்குகளைப் போட்டு அதைச் செய்தது. நிலையங்களில் கிடந்த இழைச் சுருள்கள் தேவையற்றுப் போயின. 2009 டிசம்பரில் வெரைசன் நிறுவனம் பாரிஸிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை 893 கிலோமீட்டருக்கு நார்ட்டெல் கருவியால் 100 கிகாபிட் இணைப்பை இயக்கியது. அதற்குள் நார்ட்டெல் கடன் நெருக்கடியில் சிக்கி, 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியிருந்தது. 2010 மார்ச்சில் இந்தப் பிரிவை சியேனா நிறுவனம் வாங்கியது. நிறுவனம் வீழ்ந்தாலும் அறிவு வீழவில்லை. அதே பொறியாளர்கள் ஒட்டாவாவிலேயே தொடர்ந்து உழைத்தார்கள்.

பெரிய அட்டையிலிருந்து சிறு செருகிக்கு

தொடக்கத்தில் இந்த வகைக் கருவி, அலமாரி முழுக்க இடம்பிடிக்கும் அட்டைகளில் இருந்தது. சில்லுகள் 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு வந்ததும், ஒளிப்பாதைகளையும் சிலிக்கனிலேயே செதுக்க முடிந்ததும் அது செருகும் மாட்யூலாகச் சுருங்கியது. 2020இல் ஓ.ஐ.எஃப். என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 400இசட்.ஆர். தரநிலையை வெளியிட்டது. அதன்படி 18 மில்லிமீட்டர் அகல மாட்யூல் ஒன்றே 400 கிகாபிட்டை, முனைகளில் பெருக்கி வைத்தால், 120 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும். சந்தையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள டிரம்மண்ட்வில் இப்போது ஒரே தாவலில் எட்டும். இதன் நீட்டித்த வகைகள், பெருக்கிகளின் துணையோடு பல நூறு கிலோமீட்டர் போகின்றன; கியூபெக் நகரும் ஒட்டாவாவும் அந்த எல்லைக்குள் அடங்கும்.

இந்த மாட்யூல் ஒவ்வொரு துடிப்பிலும் 8 பிட் அனுப்புகிறது. துடிப்புகள் வினாடிக்குச் சுமார் 6,000 கோடி. இவ்வளவு நெருக்கியதால் பிழைகள் நேர்கின்றன. 80 பிட்டுக்கு ஒன்று தப்பாக வந்தாலும் திருத்திக்கொள்ளும் குறியீட்டு முறை இதில் உண்டு. அனுப்பும்போதே கூடுதலாக ஏறக்குறைய 15 விழுக்காடு பிட்டுகளைச் சேர்த்து அனுப்பி, அவற்றைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறார்கள். இதற்கெல்லாம் விலை மின்சாரம். சாதாரண எஸ்.எஃப்.பி. மாட்யூல் ஒரு வாட் அளவில் முடித்துக்கொள்ளும், 400இசட்.ஆர். மாட்யூல் 15 முதல் 20 வாட் வரை எடுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றும் காற்றோட்டம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைச் செருகவேண்டும்.

கடலுக்கு அடியிலும் இதே பாடம்

சந்தைக்கு மேற்கே பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேசும்போது, அவர்களுடைய குரல் கடலடி வடங்களைக் கடந்துதான் போகிறது. அங்கும் இதே பாடம் செல்லும். வடத்துக்குள் உள்ள பெருக்கிகளுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் போகிறது. செய்தியைப் படிக்கும் அறிவு முழுவதும் கரையோர நிலையத்து டிரான்ஸீவரில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு அருகில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னை – அந்தமான் நிக்கோபார் கடலடி வடம். பி.எஸ்.என்.எல். பொறுப்பில் ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியிருந்த போர்ட் பிளேயருக்குச் சென்னையிலிருந்து வினாடிக்குத் தலா 200 கிகாபிட் சுமக்கும் இரண்டு இணைப்புகள் கிடைத்தன. கடலடி வடம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும்படி போடப்படுகிறது. அந்தக் காலத்துக்குள் கரையோரக் கருவி சிலமுறை மாறும். கடலில் உள்ள கண்ணாடி மாறாது.

தேர்வும் பராமரிப்பும்

மாட்யூல் வாங்குமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை வேண்டும். இழைப் பாதையின் உண்மையான நீளம் என்ன? வரைபடத்தில் உள்ள நேர்கோடும் இழை போகும் பாதையும் ஒன்றல்ல. மொத்த இழப்பு எவ்வளவு? கணக்கு வழிகாட்டும், அளவி வைத்துப் பார்த்த எண்ணே உறுதி. நிறப்பிரிகை எவ்வளவு? இருமுனை மாட்யூல்களின் அலைநீளமும் வகையும் பொருந்துகின்றனவா? வைக்கப்போகும் இடத்தின் வெப்பநிலை என்ன?

இணைப்புக் கெட்டால் முதலில் சந்தேகிக்கவேண்டியது தூசியை. ஒளி போகும் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர்தான்; தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இணைப்பியின் முகத்தில் ஒட்டிய ஒரு துகளே பல கிலோமீட்டர் இழைக்கு ஈடான ஒளியைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறை செருகுமுன்பும் உருப்பெருக்கியால் பார்த்துத் துடைப்பதும், பயன்படுத்தாத துளையை மூடியே வைப்பதும் இத்தொழிலின் முதல் ஒழுக்கம். நீல நிற இணைப்பியையும் பச்சை நிறச் சாய்முக இணைப்பியையும் ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது. எரிந்துகொண்டிருக்கும் இழையின் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது. 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெருக்கியிலிருந்து வரும் வலிய ஒளி கண்ணைக் கெடுக்கும்.

மாட்யூல் தானே அளந்து சொல்லும் ஐந்து எண்களை இணைப்புத் தொடங்கிய நாளிலேயே குறித்து வைத்துவிடவேண்டும். வாங்கும் ஒளி மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்தால் இழையிலோ இணைப்பியிலோ கோளாறு. லேசருக்குப் போகும் மின்னோட்டம் ஏறிக்கொண்டே வந்தால் லேசர் முதுமையடைகிறது. முதல்நாள் எண் கையில் இருந்தால், இணைப்பு அறுவதற்கு முன்பே மாட்யூலை மாற்றிவிடலாம்.